கொசுவுக்கு மூடி போட்ட தெர்மாகோல்

தெர்மாகோல் என்றதும் 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்டு, காற்றில் கரை ஒதுங்கிய அட்டைகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதே தெர்மாகோல் ஒரு ஊரில் யானைக்கால் நோயை ஒடுக்க உதவிய கதையும் இருக்கிறது நண்பர்களே!

ஊர் பெயர் மக்குண்டுச்சி. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் இருக்கிறது. 1980-களில் அங்கே 49 சதவீதம் பேரின் ரத்தத்தில் யானைக்கால் நோய்க் கிருமி. பரப்பியது கியூலெக்ஸ் கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க், தண்ணீர் தேங்கிய கக்கூஸ் குழி என்றால் அதற்குக் கொண்டாட்டம். மருந்து தெளித்தால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். போகப்போக மருந்தே பழகிவிடும்.

1978-ல் பால் ரைட்டர் என்ற பூச்சியியலாளர் ஒரு யோசனையை எழுதினார். குழித் தண்ணீரின் மேல் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி மூடிவிட்டால் என்ன? கொசுப்புழு தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வால் பக்கத்துக் குழாயை நீர்ப்பரப்பில் நீட்டித்தான் காற்றை இழுக்கும். மேலே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மணிகள் அடைத்திருந்தால் மூச்சுமுட்டிச் சாகும். தாய்க்கொசுவுக்கு முட்டையிடவும் இடம் கிடைக்காது. விஷம் இல்லாததால் பழகிக்கொள்ளவும் வழியில்லை!

1988-ல் லண்டனைச் சேர்ந்த கிறிஸ் கர்ட்டிஸ் குழுவினர் மக்குண்டுச்சியில் தண்ணீர் நின்ற குழிகளில் இதைக் கொட்டினார்கள். மக்களுக்கு டிஇசி மாத்திரையும் கொடுக்கப்பட்டது. கொசுக்கடி சுமார் 98 சதவீதம் குறைந்தது. 49 சதவீதமாக இருந்த கிருமி ஐந்தே ஆண்டுகளில் 3 சதவீதத்துக்கு வந்தது. மாத்திரை மட்டும் கொடுத்த இன்னொரு ஊரிலோ கிருமி மறுபடி தலைதூக்கியது. காரணம் எளிது. மாத்திரை மனிதனுக்குத்தான், குழிக்கு இல்லையே!

செலவுக் கணக்கிலும் இது லாபம்தான். தெர்மாகோல் மக்காது என்று எல்லோரும் திட்டுகிறோம். குழிக்குள் அந்தக் குணமே முதலீட்டைக் காப்பாற்றியது. ஒருமுறை கொட்டினால் வருடக்கணக்கில் மிதக்கும்.

பின்னாளில் தமிழ்நாட்டிலும் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த மணிகளை மாத்திரையோடு சேர்த்துச் சோதித்தார்கள்.

ஆனால் திறந்தவெளியில் இருக்கும் பெரிய கழிவுநீர்க் குட்டைகளில் இது எடுபடாது. காற்றடித்தால் மணிகள் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், மழை வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடும். அங்கே கரையோரப் புல்லையும் ஆகாயத்தாமரையையும் அள்ளி எடுத்து, கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விடுவதுதான் வழக்கம். அந்த மீனும் தண்ணீர் ரொம்பக் கெட்டுப்போனால் பிழைக்காது.