கரணம் நூற்றெட்டு

கூத்தப்பெருமான் திருமுன் கூடியிருக்கும் நாம், அவனது ஆடலை வடமொழி நாடகநூல் எவ்வாறு போற்றுகின்றது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

பரதமுனிவர் அருளியதாகப் போற்றப்பெறும் நாட்டிய சாத்திரத்தின் நான்காம் இயல் ஒரு வரலாறு கூறுகின்றது. பிரமதேவர் பரதரையும் அவர்தம் மக்களையும் இமயத்திற்கு அழைத்துச் சென்று, திரிபுரம் எரித்த கதையைச் சிவபெருமான் திருமுன் நடிக்கச் செய்தார். பெருமான் மகிழ்ந்து, அந்திப்பொழுதில் தான் ஆடும் ஆடலையும் நாடகத்திற்கு முன் நிகழும் பூர்வரங்கத்தில் சேர்க்குமாறு பணித்து, அதனைக் கற்பிக்கத் தண்டு என்பாரை ஏவினான். தண்டு வகுத்தமையின் அது தாண்டவம் எனப்பட்டது. கையும் காலும் இயைந்து நிகழும் அசைவே கரணம். மலர் ஏந்திய கைகளோடு நிற்கும் தலபுஷ்பபுடம் முதல் கங்காவதரணம் ஈறாகக் கரணங்கள் 108.

அப்போது முனிவர்கள் ஒரு வினா எழுப்பினர். பொருளை உணர்த்த அபிநயம் இருக்கின்றது. பாட்டின் பொருளோடு தொடர்பில்லாத இந்த ஆடல் எதற்கு? பரதர் விடை கூறினார்: இது பொருள் கருதி எழுந்ததன்று, அழகைத் தருவது, மங்கலமானது, உலகோர் இயல்பாகவே விரும்புவது.

இந்நூலுக்குக் காசுமீரத்துச் சைவப் பேராசான் அபிநவகுப்தர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபிநவபாரதி என்னும் உரை வரைந்தார். அக்காலத்தை ஒட்டியே, 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் இக்கரணங்களைக் கல்லில் வடிக்கச் செய்தான். விமானத்தின் மேல்தள உட்சுற்றில் சிவபெருமானே ஆடுகின்றான். 81 கரணங்கள் முற்றுப்பெற்றன; எஞ்சிய 27 கற்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. பின்னர் எழுந்த தில்லைக் கோபுரங்களின் வாயில்களில் ஆடல் மகளிர் இக்கரணங்களைக் காட்டுகின்றனர். கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் பரதரின் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பெற்றுள்ளன. 1926ஆம் ஆண்டில் மானவல்லி இராமகிருஷ்ண கவி பரோடாவில் மூலத்தையும் உரையையும் சேர்த்து முதற்பகுதியாகப் பதிப்பித்தபோது, தில்லைச் சிற்பங்களின் படங்களே கரணங்களை விளக்கத் துணை நின்றன. ஏட்டுக்குக் கல் உரையாயிற்று.

நாம் ஏதேனும் ஒரு பயனைக் கருதியே பெரும்பாலும் கோயிலுக்கு வருகின்றோம். ஆடுகின்றவனோ எதனையும் கருதாது ஆடுகின்றான். அவன் ஆடலைக் காண்பதே பயன் என்று உணர்வோமாயின், அன்று முனிவர்கள் பெற்ற விடை நமக்கும் கிட்டும். அடுத்த முறை தில்லைக் கோபுர வாயிலைக் கடக்கும்போது விரைந்து செல்லாமல், சற்றே நின்று, தலை நிமிர்ந்து கண்டு செல்வோமாக.

திருச்சிற்றம்பலம்.