பூகம்பத்துக்குப் பின் வரையப்பட்ட எடோ

1855 நவம்பர் 11 இரவு, இன்று டோக்கியோ என அழைக்கப்படும் எடோ நகரைப் பூகம்பம் உலுக்கியது. வீடுகள் சரிந்தன, தீ பரவியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அந்நகரின் அழகை அச்சோவியங்களாக வெளியிடத் தொடங்கினார் உத்தகாவா ஹிரோஷிகே. 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்பது தொடரின் பெயர். 1858இல் அவர் இறக்கும்போது எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தது.

பூத்த பிளம் மரங்கள், பாலத்தின் மேல் கொட்டும் மழை, வாணவேடிக்கை. இடிபாடுகளைக் காண்பது அரிது. இத்தனைக்கும் ஹிரோஷிகே சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, தந்தையின் தீயணைப்புப் பதவியை ஏற்றவர். எரிந்த நகரம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் இது மூடிமறைப்பா? அந்தச் சந்தேகத்தோடுதான் நான் இவற்றைப் பார்க்கத் தொடங்கினேன்.

அழிவைப் பேசிய படங்களும் அப்போது வந்தன. நிலத்தடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் புரள்வதால்தான் பூமி அதிர்கிறது என்பது யப்பானிய நம்பிக்கை. பூகம்பம் நடந்த சில நாட்களிலேயே கெளுத்திப் படங்கள் தெருவில் விலைப்பட்டன. மீள்கட்டுமானத்தில் பணம் பார்த்த தச்சர்களையும் அவை கிண்டலடித்தன. தணிக்கையாளரின் அனுமதி பெறாதவை என்பதால் அரசு விரைவிலேயே அவற்றைத் தடுத்தது.

ஹிரோஷிகேயின் படங்கள் அனுமதி பெற்றவை. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். செதுக்குபவர் அதைச் செரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டு மீதியைக் குடைவார். மூலச் சித்திரம் அதிலேயே அழிந்துபோகும். பிறகு நிறத்துக்கொரு பலகை. அச்சிடுபவர் பலகையில் சாயத்தைத் துடைத்துத் துடைத்தே வானத்தின் நீலத்தை மங்கவைப்பார். பெயர் என்னவோ ஓவியருக்கு மட்டும்தான்.

ஊடகம் படித்த எனக்குப் படத்தைவிட ஓரத்து முத்திரைதான் முதலில் கண்ணில் படும். அசகுசா கோயில் படத்தில் எங்கும் பனி. சிவப்பு வாயிலுக்கு அப்பால் கோபுரம் நேராக நிற்கிறது. முத்திரையோ 1856ஆம் ஆண்டின் ஏழாம் மாதம், கோடைக்காலம்! பூகம்பத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சித்தண்டு வளைந்துபோயிருந்தது. அதைச் செப்பனிட்டு முடித்த வேளையில்தான் படம் வெளிவந்தது. சிவப்பும் வெள்ளையும் யப்பானில் மங்கல நிறங்கள். எனவே இது கோபுரம் மீண்டதை அறிவித்த செய்தி என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை எனக்கு அது ஏற்புடையதே. தொடர் முழுவதையும் அப்படி வாசிப்பது மிகை.

1887இல் வான்கோ இத்தொடரின் இரண்டு படங்களை எண்ணெய் வர்ணத்தில் பிரதிசெய்தார். வேறு அச்சோவியங்களில் கண்ட யப்பானிய எழுத்துகளைச் சுற்றிவர அலங்காரமாகத் தீட்டினார்.