கீழாநெல்லி ஆய்வின் வரலாறு

கீழாநெல்லி மழைக்குப் பின் வயல் வரப்பிலும் கொல்லையிலும் தானாக முளைக்கும் சிறுசெடியாகும். இலைக்காம்பின் அடியில் நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாக இருப்பதால் இப்பெயர் பெற்றது. பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர் வட்டாரம் உட்பட, தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம்.

செடியின் கசப்புப் பொருளை 1946இல் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வேதியியலாளர் தி. ரா. சேஷாத்ரி. அவர் 1900இல் குளித்தலையில் பிறந்தவர். குளித்தலையும் குரும்பலூரும் அன்று ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன; 1995இல்தான் வெவ்வேறு மாவட்டங்களாயின. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு ஆராய்ந்த அப்பொருள் பில்லாந்தின் எனப்படுகிறது. ஆனால் ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது வேறு, அது நோயைத் தீர்க்கும் என நிறுவுவது வேறு.

நிறுவுவதில் ஒரு சிக்கல் இருந்தது. காமாலை பல வகை. ஹெபடைட்டிஸ் ஏ வைரசால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோயாளி தேறுவார்; பெயர் மருந்துக்குப் போய்விடும். ஹெபடைட்டிஸ் பி அப்படியன்று. அவ்வைரசு சிலரது உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஈரல் சுருக்கத்துக்கும் ஈரல் புற்றுக்கும் வழி செய்கிறது. தானாக அது நீங்குவது அரிது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் இந்த நாட்பட்ட தொற்றையே தேர்ந்தெடுத்தார். அவர் குழு 1982இல் ஆய்வுக்கூடச் சோதனை முடிவுகளை வெளியிட்டது. ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கின் பிலடெல்பியா குழு, 1987இல் செடியின் சாறு வைரசின் டிஎன்ஏ பாலிமரேசு நொதியைத் தடுப்பதாகக் கூறியது. 1988இல் இரு தரப்பினரும் இணைந்து எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது. நோய்த்தொற்றுள்ளோருக்குச் செடித்தூள் 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நிகழ்ந்தது.

இந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது இயல்பே. ஆனால் 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை.

செடியின் அடையாளமும் குழப்பம் நிறைந்தது. இந்திய நூல்கள் பில்லாந்தஸ் நிரூரி என எழுதிவந்தது, ஒன்றையொன்று ஒத்த பல இனங்களைச் சுட்டியது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிரூரி என்றிருந்த பெயர், 1988இல் பில்லாந்தஸ் அமாரஸ் ஆயிற்று. அமாரஸ் என்றால் இலத்தீனில் கசப்பு. ஊரில் கீழாநெல்லி, மேலாநெல்லி என்று பிரித்தறிவோர் உண்டு. ஆனால் உலர்ந்து தூளான பின் இனம் காண்பது எளிதன்று. விளைந்த மண்ணும் பறித்த பருவமும் வேதிப்பொருள்களின் அளவை மாற்றக்கூடும். முடிவுகள் முரண்பட்டதற்கு இவையும் காரணமாகலாம். ஆயினும் முதல் ஆய்வு சிறியது என்பதையும் மறுக்க முடியாது.

காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பில்லாந்தஸ் இனங்கள் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோய்க்குப் பயன்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இன்று அந்நோய்க்குத் தரப்படும் டெனோபோவிர், என்டகாவிர் ஆகியவை ஆய்வகத்தில் உருவானவை.