கேம் சேவ் ஃபைல் யார் கையில்?

போன வாரம் பழைய பிஎஸ்4-ல் இருந்து சேவ் ஃபைல்களை எல்லாம் பென் டிரைவுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது தோன்றியதுதான் இந்தப் பதிவு. ஆடியவன் கையில் இருந்த ஒரு ஃபைல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போன கதை இது.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தபோது பெட்டிக்குள் சேவ் பண்ண இடமே இல்லை. தொண்ணூறுகளில் நம்ம ஊரில் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை இதன் நகல்தான். பாஸ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம், திரும்பி வந்தால் கரண்ட் போயிருக்கும். அவ்வளவுதான், மறுபடி முதலில் இருந்து.

1986 மே மாதம் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் பாஸ்வேர்டு முறையைப் பயன்படுத்தியது. ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் ஹிராகனா எழுத்துகளில் ஒரு 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' வரும், அதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் பெயர், அனுபவப் புள்ளி, காசு, பையில் இருக்கும் பொருள் எல்லாம் அந்த எழுத்துகளுக்குள்ளேயே என்கோட் ஆகியிருக்கும். மெஷின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. 1987-ல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்ள, மந்திரம் 52 எழுத்து வரைக்கும் நீண்டது. ஹிராகனாவில் 'நு'வும் 'மே'யும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கால டிவியில் பார்த்து ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் பல நாள் உழைப்பு காலி.

கொடுமைதான். ஆனால் ஒரு இன்ஜினியராகப் பார்த்தால் எனக்கு அந்த முறை மேல் பொறாமை உண்டு. இன்னொரு நோட்டில் எழுதினால் பேக்கப். நண்பனிடம் சொன்னால் அவன் வீட்டிலும் அதே ஆட்டம் ஓடும். யார் அனுமதியும் வேண்டாம்.

அடுத்தது பேட்டரி. 1987-ல் அமெரிக்காவில் வந்த செல்டா கார்ட்ரிட்ஜுக்குள் 8 கேபி ராம், அதைச் சாகாமல் வைத்திருக்க ஒரு பட்டன் செல். வசதிதான், ஆனால் செல் தீர்ந்தால் சேவும் போச்சு. நகல் எடுக்கவும் வழியில்லை.

1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு 128 கேபி. 8 கேபி வீதம் 16 பிளாக், அதில் ஒன்று அட்டவணைக்குப் போக மீதி 15 நமக்கு. எதை வைப்பது, எதை அழிப்பது என்ற பஞ்சாயத்து இங்கேதான் தொடங்கியது. ஆனாலும் கார்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம், இன்னொரு கார்டுக்கு நகல் எடுக்கலாம்.

இதற்குப் பிறகுதான் பூட்டு வருகிறது. 2006-ல் வந்த வீயில் எஸ்டி கார்டு போட இடம் உண்டு, பல கேம்களின் சேவை அதில் நகல் எடுக்கலாம். மரியோ கார்ட் வீ மாதிரி சிலதுக்கு மட்டும் முடியாது. 2011-ல் பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் கிளவுட் சேவ் வந்தது, அப்போது இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் ஆரம்பத்தில் பேக்கப் வசதியே கிடையாது. 2018 செப்டம்பரில் சந்தாவோடு கிளவுட் வந்தபோதும் ஸ்பிளாட்டூன் 2 அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தவருக்குக் கொடுத்த பொருளைப் பழைய சேவை வைத்துத் திரும்ப வாங்கிவிடுவார்கள், இறங்கின ரேங்கை மீட்டுவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆன்லைன் ஆட்டத்தைப் பொறுத்தவரை நியாயமான காரணம்தான். ஆனால் தனியாக ஆடுகிறவனுக்கும் அதே பூட்டு எதற்கு?

பிஎஸ்4 சேவை யூஎஸ்பியில் எடுக்கலாம். பிஎஸ்5 கேம்களின் சேவுக்கு அந்த வழியும் அடைத்தாயிற்று, சந்தா கட்டினால் கிளவுட் மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனிக்கணும். ஆட்டோ சிங்க் என்பது பேக்கப் ஆகாது. கெட்டுப்போன சேவ் மேலே ஏறினால் அங்கே இருந்த நல்லதை அதுவே அழித்துவிடும்.

அதனால் பென் டிரைவுக்கு எடுத்ததை அப்படியே விடாமல், தேதி போட்ட ஃபோல்டரில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து கூகுள் டிரைவுக்கு ஏற்றுகிறேன். பழைய தேதியை அழிப்பதில்லை. ஒரே தொல்லை, பிஎஸ்4 ஃபோல்டர்களில் கேம் பெயர் இருக்காது, 'சியுஎஸ்ஏ' என்று ஆரம்பிக்கும் ஒரு எண்தான் இருக்கும். எந்த எண் எந்த கேம் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை 41 வரி ஆகிவிட்டது.