காரைக் குனிய வைத்தவர்களின் கதை

நம் நாட்டில் கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ். அடுத்த ஒன்றிரண்டு கேள்விகளுக்குள் "கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு சார்?" வந்துவிடும். நான் பிழைக்க வந்த புனேயிலும் இதே கேள்விதான், மொழி மட்டும் மராட்டி. காரின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி நமக்கு. கைக்காசைப் போட்டு, வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து, அந்த இடத்தை வேண்டுமென்றே குறைத்துக் கொள்ளும் ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த இரண்டு அங்குலத்துக்குப் பின்னால் போலீஸ், சட்டம், இனம், இயற்பியல் என்று ஒரு முழு வரலாறு இருக்கிறது.

கதை தொடங்குவது லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்தது. புதுக் காருக்குப் பணம் போதாது, பழைய செவ்ரோலே வாங்கலாம். வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிக் கொண்டிருந்தபோது இவர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். தாழ்வாக, மெதுவாக, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓட்ட வேண்டும். லோரைடர் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

தாழ்த்த என்ன செய்தார்கள்? எளிய வழி, டிக்கியில் மணல் மூட்டை. கொஞ்சம் கைத்தொழில் தெரிந்தவர்கள் பின்பக்க பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் கட்டை கொடுத்தார்கள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தார்கள், அல்லது கேஸ் விளக்கால் சூடேற்றித் தொய்ய விட்டார்கள். எல்லாம் வீட்டு முற்றத்து வேலை.

அரசாங்கம் சும்மா இருக்குமா? கலிஃபோர்னியாவில் 1958-இல் ஒரு சட்டம் வந்தது. மாற்றி அமைத்த காரின் எந்தப் பாகமும், சக்கரத்தைத் தவிர, சக்கர ரிம்மின் அடிவிளிம்பை விடத் தாழ்ந்து இருக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டயர் வெடித்தால் வண்டி ரிம்மில் நிற்க வேண்டும், உடம்பு ரோட்டில் தேயக் கூடாது. ஆனால் டேப்பைக் கையில் எடுத்துக் கொண்டு போலீஸ் யார் வண்டியைத் தேடிப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்குப் பதில் ரான் அகிர்ரே என்ற இளைஞரிடமிருந்து வந்தது. 1959-இல் தன் கார்வெட் காருக்கு ஹைட்ராலிக் பம்பும் சிலிண்டரும் பொருத்தினார். போர் முடிந்து உபரியாக விற்ற விமானச் சாமான்கள் அந்த ஊரில் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஸ்விட்சைத் தட்டினால் கார் தாழும், திருப்பித் தட்டினால் உயரும். போலீஸ் வரும்போது சட்டப்படியான உயரம், போனபின் பழையபடி தரையோடு தரை! எக்ஸ்-சோனிக் என்று பெயரிட்ட அந்தக் கார் அமெரிக்கக் கார் வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது.

உயரத்தை வைத்துப் பிடிக்க முடியாததால், அடுத்து ஓட்டத்தையே பிடித்தார்கள். ஒரே சாலையில் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதற்குப் பல ஊர்கள் தடை போட்டன. சான் டியாகோ பக்கத்து நேஷனல் சிட்டியில் 1992-இல் தடை வந்தது. முப்பது வருடம் கழித்துத்தான் காற்று மாறியது. உள்ளூர்த் தடைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்து, அந்தப் பழைய உயர விதியையும் சேர்த்து நீக்கும் சட்டத்தில் 2023 அக்டோபரில் கவர்னர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் அமல். 1958-இல் இருபது வயதில் போலீஸுக்குப் பயந்து ஓட்டியவருக்கு அப்போது எண்பத்தாறு வயது!

இன்னொரு கிளைக்கதையும் இருக்கிறது. இன்று கடையில் ஸ்பிரிங் செட் வாங்கி வீட்டிலேயே மாட்ட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற இன்ஜினியர். ஜெனரல் மோட்டார்ஸில், ஆயிரம் டாலருக்குள் ஒரு சின்னக் கார் செய்யும் வேலை 1945-இல் அவரிடம் வந்தது. ஷாக் அப்சார்பரையும் சுருள் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணே சக்கரத்தையும் தாங்கும்படி யோசித்தார். 1947-இல் அந்தக் காரைக் கைவிட்டார்கள். மனிதர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் அவர் ஸ்ட்ரட் இருந்தது. நம் அம்பாசிடரிலும் பத்மினியிலும் இல்லாத இந்த அமைப்பு, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

மெக்ஃபர்சன் தூணைக் கழற்றுவது சுலபம். சக்கரத்தின் பக்கம் பெரும்பாலும் இரண்டு போல்ட், மேலே பானெட்டுக்குள் இரண்டு மூன்று நட்டு. ஆனால் மேலே நடுவில் இருக்கும் பெரிய நட்டை, கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் பலமுள்ள ஸ்பிரிங் 150 மில்லிமீட்டர் அமுங்கி இருந்தால், அதில் அடைந்திருக்கும் சக்தி 225 ஜூல். இருபது கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் முகத்துக்கு நேராக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதும் இதே ரகம்தான், கீழே ஸ்டாண்டு வேண்டும்.

சரி, ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன? எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஏழு. கம்பி அதேதான், சுற்று குறைந்ததால் ஸ்பிரிங் சுமார் 14 சதவீதம் கடினமாகும். வண்டி தாழ்ந்ததோ அதைவிட அதிகம். ஆகவே மேலும் கீழும் ஆட இடம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது ரப்பர் தடுப்பில் போய் 'டங்' என்று இடிக்கும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. சூடேற்றினால் எஃகின் பதமே போய்விடும். அதனால்தான் ஜெர்மனியின் ஐபாக் போன்ற கம்பெனிகள் குட்டையாகவும், அதற்கேற்ற கடினத்தோடும் புது ஸ்பிரிங் செய்து விற்கின்றன. அந்தக் கடினத்தை அடக்க ஸ்ட்ரட்டும் மாற வேண்டும். பழைய ஸ்ட்ரட்டோடு புது ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி குதித்துக் கொண்டே போகும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இன்னொரு வேடிக்கை. தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது என்பது பொது நம்பிக்கை. மெக்ஃபர்சன் அமைப்பில் கீழ்க்கைகள் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வண்டி உருளும் மையம் உடம்பை விட வேகமாகக் கீழே இறங்குகிறது. ஸ்பிரிங் போதிய கடினம் இல்லையென்றால் முன்னைவிட அதிகமாகவே சாயும்!

ஜெர்மனியில் மாற்றியதைப் பரிசோதகரிடம் காட்டி, வண்டியின் ஆவணத்தில் பதிந்து கொள்ளலாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவோ, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. போதாததற்கு நம் சாலைகள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்கில் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். தெருக்காரர்களே ராவோடு ராவாகக் கொட்டும் சிமெண்ட் மேட்டுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. 170 மி.மீ. உயரக் காரை 40 மி.மீ. இறக்கி, நாலு பேரை ஏற்றிக் கொண்டு அதன்மேல் போனால் எண்ணெய்த் தொட்டியின் கதி என்ன?

கலிஃபோர்னியா லோரைடர்கள் அறுபத்தாறு வருடம் காத்திருந்து மனிதன் போட்ட சட்டத்தை ஜெயித்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஸ்பிரிங் போட்ட சட்டத்துக்கு கவர்னரும் கிடையாது, திருத்தமும் கிடையாது. 1950-இல் ஸ்பிரிங்கை வெட்டியவருக்கு என்ன தண்டனையோ, இன்று வெட்டுகிறவருக்கும் அதேதான்.