'தௌ': ஒரு 'நீ'யின் கதை

ஷேக்ஸ்பியரைப் படிக்கத் தொடங்கின நேரம் எங்களில் கனபேரை மறிச்ச சொல் 'தௌ'. வேதாகமத்திலும் அது வருவதால், கடவுளோடு கதைக்கிற உயர்ந்த சொல் எண்டுதான் நினைத்திருந்தோம். உண்மையில் அது வெறும் 'நீ'. 'யூ' தான் 'நீங்கள்'.

பழைய ஆங்கிலத்தில் இதில் மரியாதைக் கணக்கே இருக்கவில்லை. முன்னால் நிற்பது ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ' அல்லது 'யூ'. அரசனும் 'தௌ', அடிமையும் 'தௌ'. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு மேல்தட்டின் மொழியானது. பெரியவர் ஒருவரையே பன்மையில் விளிக்கும் பிரெஞ்சுப் பழக்கம் 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கும் தொற்றியது. எசமான் வேலைக்காரனை 'தௌ' என்பார். வேலைக்காரன் திருப்பி 'யூ' எண்டுதான் சொல்லவேணும். நெருக்கத்திலும் 'தௌ' வரும், கோபத்திலும் வரும். 1603இல் சேர் வோல்டர் ராலே தேசத்துரோக வழக்கில் நின்றபோது, சட்டமா அதிபர் எட்வர்ட் கோக் அவரை வேணுமெண்டே 'தௌ' போட்டு அவமானப்படுத்தினார்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோர்ஜ் பொக்ஸும் அவரோடு சேர்ந்த குவேக்கர்களும் இந்தக் கணக்கைக் குழப்பினார்கள். கடவுளுக்கு முன்னால் எல்லாரும் சமன் என்றால், தனியொரு ஆளுக்கு ஏன் பன்மை? நீதவானையும் 'தௌ' என்றார்கள்; அவர் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள், மறியலுக்கும் போனார்கள்.

ஆனால் கடைசியில் வென்றது 'யூ'. எதிரில் நிற்பவரின் தகுதி தெரியாதபோது அதுதான் பாதுகாப்பான சொல். 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து மறைந்து, வட இங்கிலாந்து போன்ற சில இடங்களின் வட்டார வழக்கில் ஒதுங்கியது. 1611இல் வந்த வேதாகமம் மட்டும் பழைய ஒருமை, பன்மை வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதில் கடவுளும் 'தௌ', வேலைக்காரனும் 'தௌ'. பேச்சில் செத்த சொல் செபத்தில் மட்டும் கேட்டுக் கேட்டே புனிதமாகிப் போச்சு.

'ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அது சமத்துவமான மொழி' எண்டு சொல்லுறவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். எல்லாரும் 'யூ' ஆன பிறகும் இங்கிலாந்தில் பிரபுக்கள் பிரபுக்களாகத்தான் இருந்தார்கள். சொல் ஒன்றானதால் வர்க்கம் அழியவில்லை.

எங்கட பக்கம் 'நீ', 'நீர்', 'நீங்கள்' மூன்றும் உயிரோடதான் இருக்கு. சிநேகிதிகள் ஒருத்தியை ஒருத்தி 'நீ' என்பதில் குறையொன்றுமில்லை. ஆனால் வயதுபோனவரையும் சாதி பார்த்து ஒரு சின்னப் பெடியன் 'நீ' என்று கூப்பிட, அவர் பதிலுக்கு 'நீங்கள்' என்று சொல்லவேண்டியிருந்த ஊர்களும் எங்களுடையவைதான். குவேக்கர்கள் சண்டை பிடித்தது இந்த ஒருவழிப் பாதையோடுதான். ஒரு சொல் மரியாதையானதா இல்லையா என்று கேட்கமுதல், அதே சொல்லை மற்றவரும் திருப்பிச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கவேணும்.