கணினி அச்சுப்பொறியும் நம் எழுத்துக்களும்

கணினி அச்சுப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தையும் விலையையுமே பெரிதும் பேசுவர். தமிழைத் தமிழெழுத்திலும் அறபெழுத்திலும் எழுதிவந்த கல்முனைக் கரையோர முஸ்லிம்களுக்கோ வேறொரு வினாவே முதன்மையானது: அப்பொறி எவ்வெழுத்தை ஏற்றது?

1959இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த 1403 என்னும் பொறி நிமிடத்திற்கு 600 வரிகளை அச்சிட்டது. அதில் வார்ப்பெழுத்துக்கள் பொருந்திய சங்கிலியொன்று இடையறாது ஓடும். வேண்டிய எழுத்து உரிய இடத்தை அடைகையில், பின்னிருந்து ஒரு சுத்தியல் தாளை மைநாடாவோடு சேர்த்து அவ்வெழுத்தின்மீது அடிக்கும். சங்கிலியில் இருந்தவை 240 அச்சுக்கள்; அவையும் 48 குறிகளின் ஐந்து பிரதிகளே. சங்கிலி முழுவதையும் தமிழுக்கே ஒதுக்கியிருப்பினும், நம் 247 எழுத்துக்களில் ஏழு வெளியே நின்றிருக்கும்! சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறி, ஒன்றோடொன்று இணையும் அறபெழுத்தின் நிலை இதனினும் கடினமானது.

இவ்விடர்ப்பாடு கணினியோடு பிறந்ததன்று. ஈய அச்சுக்கு எளிதில் அடங்காத அறபுத்தமிழுக்கு 19ஆம் நூற்றாண்டில் கைகொடுத்தது கல்லச்சாகும். செனபெல்டர் 1790களில் கண்ட இம்முறையில், கொழுப்பு மையால் எழுதிய பகுதி அச்சுமையைப் பற்றும். நீரால் நனைந்த எஞ்சிய கல் அதனை விலக்கும். எழுத்து வார்க்கவேண்டியதில்லை, எழுதுவோனின் கையே அச்சாயிற்று.

புள்ளி அச்சுப்பொறி ஒருவகையில் இவ்விடுதலையை மீண்டும் தந்தது எனலாம். 1980இல் வெளிவந்த எப்சன் எம்.எக்ஸ்-80 போன்றவற்றில் ஒன்பது ஊசிகள் நாடாவைக் குத்தின. எழுத்து உலோகத்தில் இல்லை, ஊசிகளுக்கு இடப்படும் கட்டளையிலேயே இருந்தது. ஒன்பது புள்ளி உயரத்துள் 'ணீ'யின் சுழிகளும் மேல்வளைவும் நெருக்குண்டன என்பது வேறு; 24 ஊசிகள் வந்தபின் அக்குறை தணிந்தது.

லேசர் பொறியில் அடியே இல்லை. 1938இல் கார்ல்சன் கண்ட மின்னேற்றப் படியெடுப்பை, 1971இல் ஸ்டார்க்வெதர் லேசர்க் கதிரோடு இணைத்தார். மின்னேற்றிய உருளையில் கதிர் புள்ளிகளை வரையும். மைத்தூள் அங்கே ஒட்டும். வெப்பம் அதனைத் தாளில் பதிக்கும். 1984இல் வந்த எச்.பி. லேசர்ஜெட் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இட்டது.

தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் உண்டாகும் எளிமை ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவ்வெளிமையை வேண்டாத சீராக்ஸ் 9700 என்னும் லேசர் பொறியோ அதற்கு முந்திய ஆண்டே விற்பனைக்கு வந்துவிட்டது.

அறபுத்தமிழுக்கு இவ்வசதி காலந்தாழ்ந்தே கிட்டியது. தமிழெழுத்துக் கல்வி பரவப்பரவ அதனை வாசிப்போர் அருகினர். எஞ்சிய கல்லச்சுப் பிரதிகளை இன்று கணினியில் படமாக்கி அச்சிடலாம். அன்று எழுதியவனின் கைவளைவும் புள்ளிகளாய்த் தாளில் வீழும்.